பதின்பருவப் பெண்கள், உடல் தோற்றம், சமூக ஊடகம்: இது மேலை நாட்டுப் பிரச்சினை மட்டுமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகளுக்கு 13 வயது, சில மாதங்களாகச் சாப்பாட்டைக் குறைக்கிறாள், தன் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்து முகம் சுளிக்கிறாள், இதற்கு இன்ஸ்டாகிராம்தான் காரணமா என்பது ஒன்று. ஒல்லியாக வேண்டும் என்ற வெறி மேலை நாட்டுச் சங்கதி என்றல்லவா நினைத்திருந்தோம், மற்ற பண்பாடுகளில் வளரும் பெண்களையும் இது பிடிக்குமா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் பதிலிலேயே முதல் கேள்விக்கான பதிலும் பாதி வந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், பிடிக்கும். எது அழகு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் ஒரு பெண் தன் உடம்பைத் தானே வெளியே நின்று பார்த்து மார்க் போடக் கற்றுக்கொள்ளும் விதம் எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கைப்பேசி அந்தப் பழக்கத்தை வேகமாக வளர்க்கிறது. எல்லாப் பெண்களிடமும் ஒரே அளவில் இல்லை, சிலரிடம் மிக மோசமாக.

ஃபிஜித் தீவுகளில் நடந்த ஆய்வைச் சொல்லாமல் இதைப் பேசவே முடியாது. ஆன் பெக்கர் ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர், மானுடவியலும் படித்தவர். அவர் வேலை செய்த நட்ரோகா பகுதியில் நல்ல சதைப்பிடிப்பான உடம்புக்குத்தான் மதிப்பு. ஒருத்தி மெலிந்துபோனால் அவளைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லையா என்று மற்றவர்கள் கவலைப்படுவார்கள், பசி குறைவதையே ஒரு நோயாக நினைத்து மருந்து கொடுப்பார்கள். 1995-இல் அங்கே தொலைக்காட்சி வந்தது. வந்த புதிதில் பள்ளி மாணவிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார், 1998-இல் அதே வயது மாணவிகளிடம் இன்னொன்று. உணவுப் பழக்கம் பற்றிய கேள்வித்தாளில் கவலைப்பட வேண்டிய அளவுக்கு மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். எடை குறைக்க வேண்டும் என்று தாமாக வாந்தி எடுத்தவர்கள் முதல் தடவை ஒருவர்கூட இல்லை, இரண்டாம் தடவை 11.3 சதவீதம். 74 சதவீதம் பேர் சில நேரமாவது 'நான் ரொம்பக் குண்டு' என்று நினைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பேர்தான் கலந்துகொண்டார்கள், அதனால் இந்த எண்களை அப்படியே உலகம் முழுக்கப் பொருத்தக் கூடாது. ஆனால் சதையை மெச்சிய ஒரு சமூகத்தில் மூன்றே ஆண்டில் இப்படி ஒரு மாற்றம் என்பதை லேசில் ஒதுக்கிவிடவும் முடியாது.

அந்தப் பெண்கள் பேட்டிகளில் சொன்னதுதான் எனக்கு எண்களைவிட முக்கியமாகப் படுகிறது. ஒல்லியாக இருந்தால் நல்ல வேலை கிடைக்கும், சுறுசுறுப்பாக இருக்கலாம், திரையில் தெரியும் அந்த வாழ்க்கைக்குப் போய்விடலாம் என்று பலர் நம்பினார்கள். அவர்கள் ஆசைப்பட்டது ஒரு வாழ்க்கைக்கு, உடம்பு அதற்கான நுழைவுச் சீட்டாகத் தெரிந்தது. வளரும் பெண் ஒருத்தி 'நான் ஒல்லியாகணும்' என்று சொல்லும்போது, ஆகிவிட்டால் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறாள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் நம்மை யாரும் கிண்டல் செய்ய மாட்டார்கள், கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், யாராவது நம்மைப் பிடிக்கும் என்பார்கள், இப்படித்தான் ஏதாவது இருக்கும்.

பெக்கரின் குழு 2011-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் பொருத்தமானது, ஆனால் அதை அதிகம் பேர் பேசுவதில்லை. சுமார் 500 ஃபிஜி மாணவிகளிடம் கேட்டதில், ஒரு பெண் தானே எவ்வளவு தொலைக்காட்சி பார்த்தாள் என்பதைவிட, அவளுடைய தோழிகளுக்கு ஊடகத்தோடு எவ்வளவு தொடர்பு இருந்தது என்பதுதான் அவளது உணவுப் பழக்கக் கோளாறோடு அதிகம் ஒட்டி வந்தது. வீட்டில் டிவி இல்லாத பெண்ணுக்கும் தோழிகள் வழியாக அந்த அளவுகோல் போய்ச் சேர்ந்துவிட்டது. மகளிடம் போன் கொடுக்காமல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அவள் வகுப்பில் எல்லோரிடமும் போன் இருந்தால் பாதி விஷயம் எப்படியும் அவளிடம் வந்துவிடும்.

சரி, எல்லா இடத்திலும் ஒல்லிதான் அழகா என்றால் இல்லை. சீனாவில் 2016-இல் ஏ4 தாளைச் செங்குத்தாக இடுப்புக்கு முன்னால் பிடித்து, இடுப்பு தாளுக்குள் மறைந்துவிடுகிறது என்று காட்டும் படங்கள் பரவின. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. வளர்ந்த ஒரு பெண்ணின் இடுப்பு அதற்குள் அடங்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். வட, தென் அமெரிக்காவில் அளவுகோல் வேறு: ஒட்டிய வயிறு, ஆனால் பெரிய பின்புறமும் தொடையும். இதைப் பார்த்து 'பரவாயில்லையே, சதைக்கும் இடம் கொடுத்துவிட்டார்களே' என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். கனடாவில் இளம்பெண்களிடம் சோதித்தபோது, ஒல்லி மாடல்களின் படங்களைவிட இந்த வகைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தங்கள் உடம்பின் மேல் அதிருப்தி கூடியது. சாப்பாட்டைக் குறைத்தால் எல்லா இடமும் சேர்ந்துதானே மெலியும், ஓரிடத்தில் மெலிந்து இன்னோரிடத்தில் பெருக்க முடியாது. எட்டாத ஒன்றை எட்டவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை.

தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் எடையோடு நிறமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்த அந்த முதல் சொல்லை விட்டுவிட 2020 வரை ஆனது. பல அழகு ஃபில்டர்கள் சருமத்தை மென்மையாக்கும்போதே நிறத்தையும் ஒரு படி வெளுப்பாக்கி, மூக்கைக் கூர்மையாக்கி, தாடையைச் சுருக்கிக் கொடுக்கின்றன. கறுப்பான, அகன்ற மூக்குள்ள ஒரு பெண் அதைப் போட்டுப் பார்த்தால், தன் இனத்தின் முகச்சாடையே திருத்த வேண்டிய பிழை என்று அவளுக்கு ஒரு செய்தி போகிறது. இது ஒல்லி, குண்டு பேச்சைவிட ஆழமான காயம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் எடையைப் பற்றி வீட்டில் பேசவாவது செய்கிறார்கள். நிறத்தைப் பற்றிப் பேசினால் அது தன் அம்மாவையும் பாட்டியையும் குறை சொல்வதாகிவிடும் என்று பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

இன்னொரு பெரிய ஆய்வும் உண்டு, 26 நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியானது. எந்த உடல் வாகு பிடிக்கும் என்பதில் நாடுகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட, ஒரே நாட்டுக்குள் வசதியான நகரப் பகுதிக்கும் வறுமையான கிராமப் பகுதிக்கும் இருந்த வேறுபாடுதான் கண்ணில் படும்படி இருந்தது. மேலை நாடு, கீழை நாடு என்று நாம் போடும் கோடு தப்பான இடத்தில் விழுகிறது.

இப்போது போனுக்கு வருவோம். பத்திரிகையிலும் டிவியிலும் அழகிகள் அன்றும்தானே இருந்தார்கள், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் கேட்பார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதியது இதற்கு உதவும்: மனிதர்கள் தங்களைத் தங்களைப் போன்றவர்களோடுதான் ஒப்பிடுவார்கள். நடிகை என்றால், அவள் நடிகை, நமக்கும் அவளுக்கும் என்ன என்று மனசு கொஞ்சம் விலகிக்கொள்ளும். பக்கத்து வகுப்புப் பெண் அப்படி ஒரு படம் போட்டால் விலக வழியே இல்லை. அவளும் அதே யூனிஃபார்ம், அதே வயது. அந்தப் படத்துக்குப் பின்னால் ஐம்பது படங்கள் அழிக்கப்பட்டதோ, இடுப்பை இழுத்துச் சிறிதாக்கியதோ பார்ப்பவளுக்குத் தெரியாது. நெதர்லாந்தில் 14 முதல் 18 வயது வரையிலான 144 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள், 2018-இல் வெளியானது. சாதாரணப் பெண்களின் இன்ஸ்டாகிராம் படங்களில் ஒரு குழுவுக்கு மட்டும் திருத்தியவற்றைக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணம் உடனே இறங்கியது, எப்போதும் தன்னைப் பிறரோடு ஒப்பிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக. நிறம் மாற்றியிருப்பதைக் கண்டுபிடித்த பெண்களாலும் உடம்பின் வடிவத்தை மாற்றியிருப்பதை அவ்வளவாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது, தன் படத்தையே பார்ப்பது. பார்ப்பதைவிடப் போடுவதுதான் பல பெண்களை அதிகம் வதைக்கிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஒரு செல்ஃபி எப்படிப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள். கையை நீட்டி எடுக்கிறாள், சரியில்லை, மறுபடியும், மறுபடியும். அதில் தேறியதை எடுத்து இரண்டு விரலால் பெரிதாக்கி மூக்கு, முகவாய், கன்னத்துப் பரு என்று ஒவ்வோர் அங்குலமாகப் பார்க்கிறாள். ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டு, போடாமல் எடுத்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். நெருங்கிய தோழிகள் மட்டும் இருக்கும் குரூப்புக்கு அனுப்பி, 'இதைப் போடலாமா?' என்று கேட்கிறாள். போட்ட பிறகு அடுத்த ஒரு மணி நேரம் லைக் எண்ணிக்கை. குறைவாக வந்தால் அழித்துவிடுகிறாள். இதையெல்லாம் நாம் 'போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கனடாவில் நடந்த ஒரு சோதனையில், செல்ஃபி எடுத்துப் போடச் சொன்ன கல்லூரி மாணவிகள் மற்றவர்களைவிடப் பதற்றமாகவும், அழகு குறைந்துவிட்டதாகவும் உணர்ந்தார்கள். வேண்டிய அளவு எடுத்துத் திருத்திக்கொள்ள அனுமதித்த குழுவுக்கும் அதனால் விடுதலை கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் உங்கள் மகளிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், பல பெண்கள் இதைக் கேட்டுவிட்டு நிஜமாகவே மூச்சு விடுகிறார்கள். முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுக்கும் படம் பொய் சொல்லும். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தூரத்தில் எடுத்ததைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவள் வெறுக்கும் அந்த மூக்கு கேமராவின் தூரத்தால் வந்தது. எதிரே நின்று பேசும் யாரும் அவளை அப்படிப் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவில் முக அறுவை மருத்துவர்களிடம் 2017-இல் கேட்டபோது 55 சதவீதம் பேர், செல்ஃபியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு நோயாளிகள் வருவதாகச் சொன்னார்கள்.

அப்புறம், நிறுவனங்களுக்கு இது தெரியாதா? தெரியும். 2021 செப்டம்பரில், இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன, பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் கொண்டுவந்தவை. உடல் தோற்றம் பற்றிய கவலையை மூன்று பதின்பருவப் பெண்களில் ஒருத்திக்கு நாம் மோசமாக்குகிறோம் என்று அவர்களே 2019-இல் ஒரு ஸ்லைடில் எழுதி வைத்திருந்தார்கள். இந்த எண்ணைப் பலர் தவறாக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே தன் உடம்பைப் பற்றி மோசமாக உணர்ந்த பெண்களிடம் கேட்டபோது, அவர்களில் 32 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்றார்கள். எல்லாப் பெண்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்று பொருள் இல்லை. எனக்கு இது இன்னும் கவலையான செய்தியாகத்தான் தெரிகிறது, ஏற்கெனவே துவண்டு கிடப்பவளைத்தான் அது மேலும் அழுத்துகிறது.

மறுபக்கமும் இருக்கிறது. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019-இல் பெரிய தரவுகளை அலசி, பதின்பருவத்தினரின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகளின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். இதைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே இல்லை என்பவர்கள் உண்டு. அது சராசரி. ஒரு பெண் பாட்டு கேட்கிறாள், ஒருத்தி ஓவியம் போடுவதைப் பார்க்கிறாள், இன்னொருத்தி நள்ளிரவு வரை 'ஒரு நாள் முழுக்க நான் என்ன சாப்பிட்டேன்' வீடியோக்களைப் பார்க்கிறாள். மூன்று பேரையும் கூட்டி வகுத்தால் எதுவும் பெரிதாகத் தெரியாதுதான். அதே ஓர்பனின் குழு 2022-இல் பிரிட்டன் தரவுகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பெண்களுக்கு 11 முதல் 13 வயது வரை ஒரு கட்டம் தெரிந்தது. அந்த வயதில் சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் அடுத்த ஆண்டு வாழ்க்கையில் திருப்தி குறைகிறது. பையன்களுக்கு அந்தக் கட்டம் 14, 15 வயதில் வருகிறது. அது உடல் தோற்றத்தைப் பற்றிய ஆய்வு இல்லை, பொதுவான மனநிறைவைப் பற்றியது. ஆனால் பூப்படையும் அந்த வயதில் ஒரு பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் இயற்கையாகவே கொழுப்பு சேரும், சேர வேண்டும். உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் திரை அவளிடம் நீ கெட்டுப்போகிறாய் என்று சொல்கிறது.

அடுத்து எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் பற்றி ஒரே விஷயம். அது விருப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை, எதில் கண் நின்றது என்பதையும் பார்க்கிறது. பயந்து நின்றாலும், வெறுத்து நின்றாலும், அழுதுகொண்டு நின்றாலும் அதற்குக் கணக்கு ஒன்றுதான். டிஜிட்டல் வெறுப்பை எதிர்க்கும் மையம் என்ற அமைப்பு 2022-இல் 13 வயதுப் பெண்களின் பெயரில் டிக்டாக் கணக்குகளைத் திறந்து, உடல் தோற்றம், மனநலம் பற்றிய வீடியோக்களில் கொஞ்சம் நின்று பார்த்து லைக்கும் போட்டது. 8 நிமிடத்துக்குள் உணவுப் பழக்கக் கோளாறு சார்ந்த உள்ளடக்கம் வந்துவிட்டது.

சட்டங்களும் வந்திருக்கின்றன. இஸ்ரேல் 2012-இல், பிரான்ஸ் 2017-இல், நார்வே 2022-இல் என்று ஒவ்வொன்றாக, திருத்திய விளம்பரப் படங்களில் அப்படி என்று குறிப்பிட வேண்டும் என்றன. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. 'இது திருத்தப்பட்ட படம்' என்று எழுதியிருந்தாலும் பார்ப்பவர்களின் அதிருப்தி குறைவதில்லை என்று பல சோதனைகள் காட்டிவிட்டன. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்று 2025 டிசம்பரில் அமல்படுத்தியிருக்கிறது, அதன் பலனைப் பார்க்க ஆண்டுகள் ஆகும்.

இனி, வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். போனைப் பிடுங்குவதில் ஆரம்பிக்காதீர்கள், பிடுங்கினால் அவள் தோழிகளின் போனில் பார்ப்பாள், உங்களிடம் சொல்ல மாட்டாள். நேரத்தைக் குறைப்பதற்குப் பலன் உண்டு. கனடாவில் மனச்சோர்வோ பதற்றமோ இருந்த 17 முதல் 25 வயதுக்காரர்களிடம், சமூக ஊடகத்தை ஒரு நாளைக்கு 60 நிமிடத்துக்குள் வைக்கச் சொன்னார்கள். சரியாக 60-க்குள் நிற்கவில்லை, ஏறத்தாழ 78 நிமிடம் ஆனது, ஆனாலும் மூன்றே வாரத்தில் தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய எண்ணம் முன்னேறியது. அதனால் அவளோடு உட்கார்ந்து பேசி ஓர் அளவு வையுங்கள், நீங்களும் அதே அளவைக் கடைப்பிடியுங்கள். அவள் பின்தொடரும் கணக்குகளைச் சேர்ந்து பாருங்கள், 'இதைப் பார்த்து முடித்ததும் எப்படி இருக்கிறது?' என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். மோசமாக இருக்கிறது என்று அவளே சொன்னதை அவளே நீக்கட்டும். பரிந்துரைகளை மறுதொடக்கம் செய்யும் வசதி இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள்.

வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள், இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். பெற்றோர், தோழிகள், ஊடகம் என்று மூன்று வழியாகத்தான் இந்த அளவுகோல் உள்ளே போகிறது, அதில் உங்கள் கையில் முழுசாக இருப்பது ஒன்றுதான். 'கொஞ்சம் வெயிட் போட்டுட்டியே', 'இந்த டிரஸ்ஸில் தொப்பை தெரியுது', வீட்டுக்கு வந்த அத்தை 'கறுத்துட்டியே' என்பது, நீங்கள் கண்ணாடி முன் நின்று உங்கள் வயிற்றைத் திட்டிக்கொள்வது, எல்லாம் அவள் காதில் விழுகிறது. மெலிந்ததைப் பாராட்டுவதும் அதே கணக்கில்தான் சேரும். சாப்பிடாமல் கிடந்து மெலிந்த பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் பாராட்டு அவளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும்.

கடைசியாக, அவள் சாப்பாட்டைக் குறைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எடை குறைவது மட்டும் அறிகுறி இல்லை, வளரும் வயதில் உயரம் கூடியும் எடை அப்படியே நின்றால் அதுவும் அறிகுறிதான். மாதவிடாய் தள்ளிப்போவது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் நழுவுவது, தலைசுற்றல், எப்போதும் குளிர்வதாகச் சொல்வது, இவற்றையும் பாருங்கள். 'நான் குண்டு' என்று அவள் வாயால் சொல்வாள் என்று காத்திருக்க வேண்டாம். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தது இது: அங்கே பட்டினி கிடந்த பெண்களில் பலர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை, வயிறு உப்பிசமாக இருக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு சமூகத்திலும் எந்தக் காரணத்தைச் சொன்னால் வீட்டில் கேள்வி கேட்க மாட்டார்களோ அதைத்தான் பிள்ளை சொல்லும். முதலில் ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், எடையோடு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்கிறாள் என்ற சந்தேகம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம், பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். மனநல ஆலோசகர் யார் என்பதை அவர் பார்த்த பிறகு அவரிடமே கேட்டுக்கொள்ளலாம், ஆனால் இந்த முதல் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.